எழுபத்து மூன்றாம் பெட்டி

பெட்டியக்காவுக்குக் கல்லைக் கண்டால் நாக்கு சும்மா இருக்காது. துளைபோடும் இயந்திரம் பூமிக்குள்ளிருந்து எடுத்துவரும் கல் உருளைகளைக் கழுவி, ஆழ வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்குவதுதான் கிடங்கில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஈரம் பட்டால்தான் கல்லின் மணிகள் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் நக்கிப் பார்த்துவிடுவாள். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பது அவள் கணவரின் தீராத கேலி.

அடுக்குவதற்கு ஒரே சட்டம். மேலே இருந்த கல் முதலில், கீழே இருந்தது கடைசியில், புத்தக வரி போல இடமிருந்து வலமாக. எது மேல்பக்கம் என்று துளைபோடுகிறவர்கள் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். பெட்டியக்கா கை தவறியதே இல்லை என்று கிடங்கே சொல்லும். அதைக் கேட்க அவளுக்கும் பிடிக்கும். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது காட்டுவதற்கு அவளிடம் அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க இடம் தேடிய குழுவில் இருவருக்கு ஏழாம் பொருத்தம். தரைக்குள் மின்சாரம் பாய்ச்சி அளந்த அளவைக்காரர், களிப்பாறைக்கு அடியில் வெடிப்புவிட்ட பாறை ஆழமாக இறங்குகிறது, வெந்நீர் அதில்தான் நிற்கும் என்றார். பாறை நிபுணரோ சோதனைத் துளையின் கடைசிப் பெட்டியைக் காட்டினார். எழுபத்து மூன்றாம் பெட்டியில் வெடிப்புப் பாறை ஒரு முழம்தான். அதற்குக் கீழே மறுபடியும் களிப்பாறை. துளை அதோடு நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை அந்த இடத்தையே கைவிடுவதாக முடிவு.

இருவரும் கிளம்பிப் போன பிறகும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவி ஒன்று சொல்கிறது, கல் வேறொன்று சொல்கிறதே, அதெப்படி? பெட்டியின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்தாள். சேற்றுத் தண்ணீரை டம்ளரில் வைத்தால் பருமணல்தான் முதலில் அடியில் தங்கும். எழுபத்திரண்டாம் பெட்டி வரை களிப்பாறையின் மெல்லிய அடுக்குகளில் அப்படித்தான் இருந்தது. இதில் மட்டும் ஒவ்வொரு அடுக்கிலும் பருமணல் மேலே இருந்தது. நம்ப முடியாமல் ஒரு துண்டை நக்கியும் பார்த்தாள்.

மூடியில் இருந்த தேதியைப் பார்த்தாள். அந்தக் கற்கள் வந்தது ஒரு மழை நாளில். அம்புக்குறிகள் அழிந்துபோயிருந்தன. துளைபோட்டவர்களைக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா என்ற தெம்பில் உத்தேசமாக அடுக்கி, மூடியில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை பாறை நிபுணரைக் கையோடு கூட்டிவந்தாள்.

"இது தலைகீழா இருக்கு சார். அடுக்கினது நான்தான்."

அவர் லென்ஸை வைத்து இரண்டு பெட்டிகளையும் வெகுநேரம் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தால், களிப்பாறை முடிந்து வெடிப்புப் பாறை தொடங்கும் இடத்தில்தான் துளையை நிறுத்தியிருக்கிறார்கள். மெமோ கொடுக்காமல் விட முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒப்பந்தம் வர்ற நேரம். நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கும்மா வாயைக் கொடுத்தீங்க?"

"சொல்லலைன்னா அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாமலே போயிருக்கும் சார்."

மெமோவில் கையெழுத்துப் போட்டாள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான் நீண்டது. அதே துளையை இன்னும் ஆழப்படுத்தினார்கள். எழுபத்து நான்காம் பெட்டிக்கான கற்கள் வந்து இறங்கின. அத்தனையும் வெடிப்புப் பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் நக்கினாள்.