ஓடும் பஸ்ஸில் ஒரு குட்டிச் சேணம்

இன்று காலை பஸ்ஸில் என் தோழி ஆயிஷா தன் மண் குதிரைக்குத் தோலில் சேணம் தைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக் கண்காட்சியில் இன்றே வைக்க வேண்டும்.

கருவிகள் ஒரு காம்பஸ், ஒரு நகவெட்டி, ஓர் ஊசி. தோல், அவள் அத்தாவின் கிழிந்த பர்ஸ்.

"துணி மாதிரி இல்லப்பா. தோல்ல தப்பா ஓட்டை போட்டா மூடாது. வேற தோலும் இல்ல," என்றாள்.

அதனால் பஸ் நிற்கும்போது மட்டும் காம்பஸால் குத்தினாள். ஓடும்போது நூல் கோத்தாள். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி வழிமறித்தபோது எல்லோரும் சலித்துக்கொள்ள, அவள் ஒரு பக்கம் முழுக்கத் துளையிட்டு முடித்தாள்.

சேலையூரில் கடைசித் துளை மட்டும் பாக்கி. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, குதிரைக்கு சீட்டா?"

"ஆமாண்ணா. இன்னும் ஒரே ஓட்டைதான்."

அவர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார்.

"இன்னாய்யா, போலாமா?" என்றார் டிரைவர்.

"இருய்யா. பாப்பா குத்திக்கினு கீது."

ஆயிஷா குத்தினாள். துளை நேராக விழுந்தது. அப்புறம்தான் விசில்.

தாம்பரம் வருவதற்குள் வார் பூட்டி, சேணத்தைக் குதிரையின் முதுகில் வைத்தாள். அப்படியே பொருந்தியது.

ஏறி உட்காரக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு வீரன் தேவை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?