ஐயாவுவின் நான்கு தாடை சக்

நிவித்திகலையிலிருந்து புறப்படும் கடைசி பஸ் எந்தத் தோட்டத்தில் திரும்புகிறதோ, அந்தத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் ஐயாவுதான் ஃபிட்டர். குடி இல்லை, சீட்டு இல்லை, அடுத்தவர் சண்டையில் மூக்கை நுழைக்கிற பழக்கமும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு ஆயுத பூசையிலிருந்து மறு ஆயுத பூசை வரைக்கும் அந்தத் தங்கத்தின் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு நாள் கொழுந்தைக் காய வைத்து எடுத்திருக்கலாம்.

எல்லாம் ஒரு லேத்தில் தொடங்கியது. தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன சமயம், புதிதாக வந்த துரை பங்களா கராஜைச் சுத்தம் பண்ணச் சொன்னார். மூலையில், சாக்குக்கு அடியில், இரும்பு, பித்தளை கடைகிற ஒரு சின்ன மேசை லேத் கிடந்தது. எப்போதோ இருந்த வெள்ளைக்காரத் துரை பொழுதுபோக்குக்கு வைத்திருந்ததாம். வேண்டுமென்கிறவன் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உத்தரவு. ஐயாவு மூன்று பேரைக் கூட்டி வந்து தூக்கிப் போய், லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், திண்ணை போலிருக்கிற இஸ்தோப்பில் இறக்கினார். இஸ்தோப்பில் பாய் விரிக்கக்கூட இடமில்லாமல் போனது. பெண்சாதி சுப்பம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

லேத்தோடு ஒரு நான்கு தாடை சக்கும் இருந்தது. கடைய வேண்டிய சாமானைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற வாய்தான் சக். இந்த வாயின் நான்கு தாடைகளும் தனித்தனியாக நகரும். ஒன்றைத் தளர்த்தி, எதிரே உள்ளதை முறுக்கி, சாமான் நட்ட நடுவில் நிற்கும் வரைக்கும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரக்காரன் கைக்கு ஆகாது. மூன்றாவது தாடையின் எண் தேய்ந்து அழிந்திருந்தது. ஐயாவு அந்த இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து மூன்று புள்ளி குத்தினார். அந்தத் தாடை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எண்ணெய் விட்டு இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆட்டினால்தான் வழிக்கு வரும்.

அந்தச் சக்கில் பிடித்து, பெக்டரியில் தேய்ந்து கழித்த பித்தளைப் புஷ்களையெல்லாம் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டு ஒரு நீராவி எஞ்சின் செய்தார். ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் உயரம். கொதிகலத்தில் தண்ணீர் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் பிஸ்டன் ஆடும், பக்கத்துச் சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அத்தனை ஆட்டமில்லாத ஓட்டம்.

பெக்டரி ஆயுத பூசையில் அந்த எஞ்சின் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ரோலர்களைக் கழுவி வாழை கட்டுவார்கள். ஃபிட்டர்கள் வீட்டிலிருக்கிற தங்கள் சொந்தச் சாமான்களையும் கொண்டு வந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். தூள் சலிக்கிற பகுதியில் வேலை செய்கிற சுப்பம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பாள். பிறகு ஐயாவு விளக்கைக் கொளுத்துவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தீபாராதனை. அடுக்கிய சாமானை மறுநாள் காலை வரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது. எட்டு வருஷம் இப்படி நடந்தது. எட்டு வருஷமும் தீபாராதனையின்போது கண்ணை மூடாமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரே பக்தர் ஐயாவு.

அப்புறம் பிரதீபன் வந்து சேர்ந்தான்.

புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபத்தெட்டு வயது, இரண்டாம் ஃபிட்டராக வேலைக்கு வந்தவன். கெட்ட காலம் பாருங்கள், அவனுக்கும் இதே பைத்தியம். அவனிடமும் ஒரு சின்ன லேத் இருந்தது. போதாததற்கு டுபாயில் ஒரு மச்சான். அந்த மச்சான் புத்தம் புதிய மூன்று தாடை சக் ஒன்றும், முனையில் கடினமான கார்பைட் பதித்த, உலோகம் செதுக்குகிற டிப் டூல்கள் ஒரு பெட்டியும் அனுப்பியிருந்தான். ஒரே சாவியைத் திருகினால் மூன்று தாடைகளும் சேர்ந்தாற்போல் வந்து கப்பென்று கவ்வும். ஐயாவு அரை நாள் மல்லுக்கட்டுகிற வேலை அவனுக்குக் கண் இமைக்கிற நேரம்.

அந்த வருஷப் பூசைக்கு அவனும் ஒரு எஞ்சினோடு வந்து நின்றான். அவன் வரப்போவது தெரிந்து ஐயாவு எஞ்சினை மட்டும் கொண்டுவந்து, சக்கை வீட்டிலேயே விட்டிருந்தார். இரண்டும் ஓடின. பிரதீபனுடையது லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடியது. பார்க்க வந்த சனமோ அதன் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தது. பெக்டரிக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா இரண்டையும் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் ஒன்று போதும், எது ஆட்டமில்லாமல் ஓடுகிறதோ அதற்கு முன்னால்தான் தீபாராதனை என்று சொல்லிவிட்டார். அவர் சும்மா போகிற போக்கில் சொன்னது. ஐயாவுவோ அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் பிரதீபன் அவருடைய எஞ்சின் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

“என்னுது தலையாட்டுதுங்க அண்ணே. ஒங்க வீல் துளி அசையலியே, எப்படிப் புடிச்சுக் கடையிறீங்க?”

“கைப்பழக்கம்தான் தம்பி.”

பச்சைப் பொய். நான்கு தாடை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? சொல்லவில்லை. பிரதீபன் ஒருநாள் வீடு தேடி வந்தபோது, அவன் படியேறுவதற்குள் லேத்தின் மேல் சாக்கை இழுத்துப் போட்டு, அதன் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். சுப்பம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்தப் பையன் நல்லபடியாகப் போய்விட்டான். அவன் மரியாதையாகப் பேசினானே, அதில் இவருக்கு இன்னும் எரிந்தது.

அதன் பிறகு அவருக்குத் தன் சக்கைக் கண்டாலே ஆகவில்லை. கிழட்டுச் சனியன் என்றார். பிரதீபன் காம்பராவில் சாவி திருகுகிற சத்தம் நான்கு காம்பரா தள்ளி இவர் காதில் மட்டும் விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தாடை, படுத்தால் மூன்று தாடை. “அவன் சக்கையே தொட்டுக்கிட்டுச் சோறு திங்கிறீங்க, நான் எதுக்கு கறி வைக்கணும்?” என்று சுப்பம்மா கேட்டாள். பிரதீபனுடையதைவிடப் பெரிய எஞ்சின் செய்து அவன் மூஞ்சியில் கரியைப் பூசுவது என்று ஐயாவு முடிவு கட்டினார். பழைய எஞ்சினைக் கழற்றி சிலிண்டரை எடுத்துக்கொண்டார். இரத்தினபுரியில் பித்தளை வார்க்கிறவரிடம் கொடுத்துச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சக்கரம் வார்த்து வாங்கினார். மீதிக்கு ஒரு மூன்று தாடை சக்கும் டிப் டூலும் கிடைத்தால் போதும்.

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பளீலின் கடை. கல் பட்டை தீட்டுகிற சக்கரங்களும் கொழும்பிலிருந்து வருகிற பழைய மெஷின் சாமான்களும் விற்பவர். சாமான் எடுத்துக் காட்டுவதற்கு முன் என்ன வேலைக்கு என்று கேட்கிற ஆள்.

வார்த்த சக்கரம் கடையப் போகிறேன் என்றார் ஐயாவு. அப்படியென்றால் மூன்று தாடை வேண்டாம் என்றார் பளீல். உருண்டைக் கம்பிக்கு அது சரி. வார்த்த சாமான் எப்படியும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், மூன்று தாடையும் ஒன்றாக நகர்ந்தால் அந்தக் கோணலை அப்படியே கவ்விக்கொள்ளும், நடுவுக்குக் கொண்டுவர வழியில்லை. டிப் டூலும் உங்கள் லேத்துக்கு ஆகாது, அந்த வேகம் அதற்கு இல்லை, முனை தெறித்துவிடும், ஹைஸ்பீட் எஃகுத் துண்டு வாங்கிக் கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள் என்று விளக்கமாகச் சொன்னார். இதைவிட ஒரு வியாபாரி என்னதான் சொல்ல வேண்டும்? ஐயாவு எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டுபாய்ல இருந்து வர்ற மாதிரி பளபளன்னு இருக்கா?”

இருந்தது. பாவித்த சாமான்தான், ஆனால் பளபளவென்று இருந்தது. தன் நான்கு தாடை சக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டு போயிருந்தார். அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். பளீல் பழையதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்லா யோசிச்சுத்தான் தாறீங்களா பாஸ்?” என்று கேட்டார். ஐயாவு திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். பஸ்ஸில் புதியதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சுப்பம்மாவிடம் பழையது இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னார், கொடுத்துவிட்டதைச் சொல்லவில்லை.

பளீல் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற விட்டால் அது வெறியாடியது. ஒரு தாடைக்கு அடியில் தகரத் துண்டு சொருகினார், வலப்பக்கம் ஆடியது இடப்பக்கம் ஆடியது. டிப் டூலின் முனை வார்ப்பு மணலில் பட்டு மூன்றாவது சுற்றில் தெறித்து அரிசி மூட்டைக்குள் போய் விழுந்தது. சுப்பம்மா இரண்டு நாள் அரிசியைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஐயாவு ரோசத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு இரத்தினபுரிக்கு ஓடினார். பழைய சக் போய்விட்டது, தோட்டத்துப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து எடுத்தார் என்றார் பளீல். யார் என்று கேட்டதற்கு, ஒருத்தர் சாமான் இன்னொருத்தருக்குப் போனால் நான் பேர் சொல்வதில்லை என்று கையை விரித்துவிட்டார்.

பூசை நாள் வந்தது. பிரதீபன் முதலில் விளக்கைக் கொளுத்தினான். அவன் சக்கரம் சுற்றியது. ஐயாவு குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். துளி ஆட்டமில்லை. தன் பழைய சக்கரம் ஓடியது போலவே ஓடியது. அடுத்து அவருடைய பெரிய எஞ்சின். நீராவி ஏறிச் சக்கரம் வேகமெடுத்ததும் எஞ்சின் முழுதும் மேசையில் தடதடவென்று நடக்க ஆரம்பித்தது. விளக்கு சரிந்தது. டீமேக்கர் ஐயா பதறிப்போய் அதை நிமிர்த்தி, பரவாயில்லை ஐயாவு, எடுத்துரு என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நூறு பேர் கேட்டார்கள்.

தீபாராதனை பிரதீபன் எஞ்சினுக்கு முன்னால் நடந்தது. இந்தத் தடவைதான் ஐயாவு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முன்னால் பிரதீபனின் சாமான்கள் இருந்தன. நடுவில் ஒரு நான்கு தாடை சக். மூன்றாவது தாடைக்கு மேல் மூன்று குத்துப் புள்ளி.

சுப்பம்மா பொட்டு வைக்கும்போதே அதைப் பார்த்திருந்தாள். எட்டு வருஷம் பொட்டு வைத்த சக் அவளுக்குத் தெரியாதா? விபூதித் தட்டோடு நின்றவள் வாயைத் திறந்தாள். ஐயாவு தலையை அசைத்தார். அவள் மூடிக்கொண்டாள்.

பிரதீபன் பக்கத்தில் வந்தான். வார்த்ததைக் கடைய நாலு தாடைதான் வேணும் என்று பளீல் நானா சொன்னாராம், அப்போது அவர் கையில் இது வந்திருந்ததாம். “எண்ணெ போட்டு, தொடச்சி, புள்ள மாதிரி வச்சிருந்திருக்காருண்ணே. இப்படி ஒரு கைகாரர நான் பாத்ததில்ல. யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

ஒரு வருஷமாக இந்த வாயிலிருந்து எதைக் கேட்க ஐயாவு ஏங்கினாரோ அதுதான் இது. ஆனால் அது வேறு எவனுக்கோ போகிறது. அந்த எவனோ மேல் அவருக்கு வந்ததே ஒரு பொறாமை, பிரதீபன் மேல்கூட அப்படி வந்ததில்லை.

“தெரியும்,” என்றார். “செத்துட்டான்.”

பாவம், என்றான் பிரதீபன். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

மறுநாள் காலை சாமான்களை எடுக்கிற நேரம். தாடைகளுக்கு இடையில் சந்தனம் காய்ந்து போயிருந்தது. பிரதீபன் அதைத் துடைப்பதற்காகச் சாவியைப் போட்டு மூன்றாவது தாடையைத் திருகினான். நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். எட்ட நின்ற ஐயாவுவுக்கு அந்த முறுக்கு தன் கையிலேயே விழுந்தாற்போல் இருந்தது. ஓடி வந்துவிட்டார்.

“அப்படி முறுக்காத! அது கொஞ்சம் முரண்டு புடிக்கும். எண்ணெ விட்டு முன்ன பின்ன ரெண்டு தரம் ஆட்டணும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பிரதீபன் மூன்று புள்ளிகளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். சாவியை அவர் பக்கம் நீட்டினான்.

“செத்துட்டாருன்னு சொன்னீங்களே அண்ணே.”

ஐயாவு சாவியை வாங்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தாடையை முன்னும் பின்னும் ஆட்டினார்.

“ஆமா,” என்றார். “பொறாமையிலதான் போனான்.”