எஸ்டிமேட்டில் இல்லாத சோறு

கணக்கில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்த காலம் அது. எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். கரும்பு விற்ற நாலாயிரம் ரூபாய் கையில் இருந்தது. அதற்குள் வீட்டைச் சீர்படுத்திவிடலாம் என்று உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டேன்.

வேலை தொடங்கக் காரணம் என் மனைவியின் கண். எங்கள் சமையல்கட்டு வீட்டுக்குப் பின்னால், குனிந்து நுழைகிற உயரத்தில், பனையோலைக் கூரையோடு இருந்தது. புகை வெளியே போக வழியில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவள் அதற்குள்தான் ஆக்கினாள். கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். சித்தூரில் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, புகையை நிறுத்தாமல் மருந்து மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை என்று என்னைப் பார்த்துக் கடுமையாகவே சொன்னார். சுவரை உயர்த்தி, ஓடு போட்டு, புகைக்கூண்டு வைப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்ததும் ஆசை பெருத்தது. பின்னால் மட்டும் புதிதாக இருந்து முன்னால் பழசாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? முன்கூடத்துக்குச் சிமெண்டுத் தளம், அகலமான ஜன்னல், தேக்கில் வாசற்கதவு என்று எழுதிக்கொண்டே போனேன். வேலை வரிசையில் முன்கூடத்தை முதலிலும் சமையல்கட்டைக் கடைசியிலும் வைத்தேன். வருகிறவன் பார்ப்பது முன்பக்கத்தைத்தானே! இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மற்றபடி அது நல்ல எஸ்டிமேட்தான். மூன்று இடத்தில் ஓட்டு விலை விசாரித்தேன். ஆணியைக்கூட விடவில்லை. கைத்தவறுக்கு என்று இருநூறு ரூபாய் தனியாக ஒதுக்கினேன். கூலியில்தான் என் சாமர்த்தியத்தை எல்லாம் காட்டினேன். எங்கள் பக்கம் கொத்தனாருக்கும் ஆட்களுக்கும் இரண்டு விதமாகப் பேசலாம். வெறும் கூலி ஒரு விலை. மூன்று வேளை சோறு போட்டால் ஆளுக்கு ஒன்றரை ரூபாய் குறைவு. நான் சோற்றுக்கூலியே பேசினேன். ஒன்பது ஆட்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, சோத்துக்கு என்ன எழுதியிருக்கறீங்க?" என்றாள்.

"அதுக்கு எதுக்குப் புள்ள எழுதோணும்? நம்மூட்டு நெல்லுதானே?"

அவள் பத்தாயத்தைப் பார்த்தாள். அறுப்பு முடிந்த சமயம். அந்த மரப்பெட்டி நிறைய நெல் இருந்தது. அவளும் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நெல் விளைவிக்கிறவனுக்கு நெல்லும் தண்ணீர் மாதிரிதான். விலைக்கு விற்கும்போது அதைப் பணமாகப் பார்ப்பான், உலையில் போடும்போது பார்க்கமாட்டான். என் அப்பாவும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

மாசியில் வேலை தொடங்கியது. சிமெண்டு அப்போது பெர்மிட்டில்தான் கிடைக்கும். வாளையார் வழியாகச் சிமெண்டு மூட்டை ஏற்றி வந்த லாரிகள் ரோட்டில் போவதைப் பார்த்துக்கொண்டே தாலூக் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். பெர்மிட் கிடைக்கும்வரை ஆட்களை அனுப்பவும் பயம். போனால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மண் வேலை, கல் வேலை என்று எதையாவது கொடுத்து நிறுத்திவைத்தேன். அவர்களும் வயிறாரச் சாப்பிட்டார்கள். காலையில் கஞ்சி, மத்தியானம் குழம்புச் சோறு, சாயங்காலம் காப்பியும் கடலையும். எல்லாவற்றையும் அவள் அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் ஆக்கினாள். முன்பு ஒரு அடுப்பு எரிந்த இடத்தில் இப்போது மூன்று எரிந்தது.

நான் தினமும் நோட்டை எடுத்துச் செலவைச் சரிபார்ப்பேன். இம்மி பிசகாமல் இருக்கும். எனக்கு மகா பெருமை. சித்திரையில் ஒருநாள் காலையில் அவள் கூப்பிட்டு, "கொஞ்சம் கையை உட்டுப் பாருங்க" என்று பத்தாயத்தைத் திறந்தாள். கையை விட்டேன். அடிப்பலகை தட்டியது. அடுத்த அறுப்புக்குப் புரட்டாசி ஆக வேண்டும். விதைநெல் மூட்டையைத் தொடவும் முடியாது.

அரிசியை விலைக்கு வாங்கினோம். நெல் விளைவிக்கிறவனே கடையில் நின்று அரிசி வாங்குவதை ஊரே வேடிக்கை பார்த்தது. அது போதாதென்று பணமும் கரைந்தது. கைத்தவறுக்கு வைத்த இருநூறு அரிசி வாங்கிய முதல் வாரங்களிலேயே பறந்தது. மிச்சம் எடுத்தது சமையல்கட்டு ஓட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து. கடைசியில் அவளிடம் போய், "சமையக்கட்டை அடுத்த கரும்புக்குப் பாத்துக்கலாமா?" என்று இழுத்தேன்.

அவள் செம்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "எங் கண்ணுக்கு வெச்சிருந்த காச நானே ஆக்கிப் போட்டுட்டனுங்க" என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நேராகக் கொத்தனாரிடம் போனேன். நாளையிலிருந்து சோறு கிடையாது, வெறும் கூலிதான், மூன்று ஆள் போதும், சமையல்கட்டைத் தொடுங்கள் என்றேன். தேக்குக் கதவையும் வேண்டாமென்று ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

"ஏனுங்க, முன்னால தளம் போடாம உட்டா ஊருல என்னுங்க சொல்லுவாங்க?" என்றார் கொத்தனார்.

"ஊரா வந்து எங்கூட்டுல ஆக்குது?" என்று கத்தினேன். அந்தக் கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முன்கூடம் மண் தரையோடு நான்கு வருஷம் கிடந்தது. தளத்துக்கு வந்த சிமெண்டு சமையல்கட்டுக்குப் போயிற்று. வைகாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், ஓடு ஏறியது. முதல் நாள் அடுப்பு மூட்டியபோது நானும் உள்ளே போய் நிமிர்ந்து நின்றேன். புகை நேராகக் கூண்டுக்குள் ஏறிப் போயிற்று. "பாரு, பொகையே இல்ல" என்றேன், ஏதோ நான் சாதித்துவிட்ட மாதிரி.

அவள் மேலே பார்த்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"இந்தக் கண்ணுல இன்னும் பொகையாத்தானுங்க தெரியுது."

மறுநாளே சித்தூருக்குக் கூட்டிப்போனேன். வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது, இனித் தெளியாது என்றார் டாக்டர். சமையல்கட்டை முதலில் கட்டியிருந்தால் தப்பித்திருக்குமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பதிலைக் கேட்கப் பயமாக இருந்தது.