சகாயசெல்வியின் வலது கண்

சகாயசெல்வி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "பிரசவம் பாக்குறதுல எட்டு வருஷ அனுபவம்னு மட்டும் சொல்லுங்க சார். கண்ணப் பத்திப் பேச வேணாம்."

பிரசவ விடுதி மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் சரி சரி என்று தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச திண்டுக்கல்லில் ஆள் கிடையாது.

அன்று 1961 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாமாதம் வயிற்றைக் காட்டிப் போக வரும் கர்ப்பிணிகளும், கூட வந்த மாமியார்களும் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் கையைத் தட்டினார்.

"இவங்கதான் புதுசா வந்திருக்க நர்ஸம்மா. ரெண்டு கண்ணுலயும் புண்ணு வந்து, வெள்ள விழுந்து, மூணு வருஷம் பார்வையில்லாமக் கெடந்தாங்க. இப்பப் பாக்குறாங்களே, எப்படி? மெட்ராஸ்ல செத்துப்போன ஒருத்தரோட கண்ண எடுத்து இவங்களுக்கு வச்சுத் தச்சிருக்காங்க. எல்லாம் ஆண்டவர் கிருபை. வெளிச்சத்துப் பக்கம் திரும்பும்மா, எல்லாரும் பாக்கட்டும்."

மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அவள் திரும்பினாள். முன் வரிசையில் இருந்த பெண் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் மூடினாள். செத்த நேரத்தில் கூடத்தில் ஒரு வயிறும் வெளியே தெரியவில்லை.

முழுக் கண்ணையும் யாரும் மாற்றவில்லை. விழிக்கு மேலே கண்ணாடி போல் மூடியிருக்கும் தோலை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். அதுவும் வலது கண்ணில் மட்டும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டையை முட்டுக்கொடுத்து, இருமக்கூடாது, தும்மக்கூடாது என்று மல்லாக்கப் படுக்க வைத்த அந்த நாட்களில் அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். மறுபடி ஒரு பச்சைப் பிள்ளையைக் கையில் ஏந்தி அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் யார் காது கொடுப்பார்கள்?

செய்தி சின்னாளப்பட்டி வரை போனது. பிறக்கிற பிள்ளை மேல் பிணத்தின் பார்வை முதலில் படக்கூடாது என்றார்கள். நான்கு மாதம் அவளுக்குத் துணி அவிப்பதும் கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பதும்தான் வேலை. "கொஞ்ச நாள் பொறுத்துக்க, சகாயம். மறந்துருவாங்க," என்றார் டாக்டரம்மா. யாரும் மறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். டாக்டரம்மா மதுரைக்குப் போயிருந்தார். இன்னொரு நர்ஸுக்குக் காய்ச்சல். அகரத்திலிருந்து மாட்டுவண்டியில் சண்முகவள்ளியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைச்சன் பிரசவம். பிள்ளையின் உச்சி தெரிய ஆரம்பித்திருந்தது. கூட வந்த மாமியார் பழனியம்மாள், அந்தச் செவ்வாய்க்கிழமை கூடத்தில் இருந்தவள்.

"வேற ஆளு இல்லையா?"

"இல்ல ஆத்தா."

பழனியம்மாள் மருமகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "அப்ப அந்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாரு. இன்னொரு கண்ணுதான் இருக்குல்ல."

இடது கண்ணில் இன்னும் வெள்ளைதான். விளக்கு எரிகிறதா அணைந்ததா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நான்கு மாதமாகப் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தாள் சகாயசெல்வி. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அதற்குள் சண்முகவள்ளி அலறினாள். சண்டை போட அது நேரமில்லை. வலது கண்ணை இறுக மூடினாள்.

கை மறக்கவில்லை. தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை விரல்தான் கண்டுபிடித்தது. நெகிழ்த்தித் தலை வழியாக எடுத்தாள். தோள் வந்தது. பிள்ளை வழுக்கிக்கொண்டு அவள் கைக்குள் வந்து விழுந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு வீறிட்டது. கொடியைத் தடவிப் பார்த்து, கட்டி, வெட்டினாள். கண்ணைத் திறக்கவில்லை. பழனியம்மாள் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது மூச்சில் தெரிந்தது.

"என்ன புள்ளைம்மா?" என்று கேட்டாள் சண்முகவள்ளி, குரலே இல்லாமல்.

தடவினால் தெரிந்துவிடும். அவள் தடவவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. உங்க அத்தையக் கேளு."

பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கினார்கள். காலடிச் சத்தம் வெளியே போனது. அதற்குப் பிறகுதான் வலது கண்ணைத் திறந்தாள். ரத்தத் துணிகள் கிடந்தன. அவை நன்றாகவே தெரிந்தன. வாளியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.