பாய் வீட்டம்மாவின் முப்பத்தொரு பேச்சு

கல்யாணப் பத்திரிகை அடித்து அடித்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள் நான். எந்த வகுப்புக்கும் போனதில்லை. அதனாலோ என்னவோ, எதையும் அதனதன் பெயரைச் சொல்லி விளக்க எனக்கு வராது. கோவளம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், வயதானவர்களுக்கு மதியம் மூன்று மணி வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, டெஸ்க்டாப்பைக் கடை வாசல் என்றேன். டிரைவ்களை உள்ளே இருக்கும் சரக்கு அறை என்றேன். அழித்தவை போய் விழும் இடம் குப்பைக் கூடை. "சாயந்திரம் கூடைய கொட்டிட்டுத்தான் கதவ சாத்தணும், குப்பைய மறுநாளைக்கு வெக்கக் கூடாது" என்றும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஓ.எம்.ஆர் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்ட நான்கு கம்ப்யூட்டர்கள்தான் எங்கள் சொத்து. உப்புக் காற்றுக்குப் பயந்து, வகுப்பு முடிந்ததும் துண்டு போட்டு மூடுவோம். அந்த வேலையை, வகுப்புக்கு வருகிறவர்களில் ஒருவரான பாய் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். நாற்பது வருடம் பாத்திரக் கடை நடத்தியவர்.

வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். "டீச்சரம்மா, மெயிலு, டைப்பு எல்லாம் எனக்கு வாணாம். இந்த ஃபோனு செத்து செத்து பொழைக்குது. இதுக்குள்ள எங்க வூட்டம்மா பேசுனது கீது. அத மட்டும் எங்கனா பத்திரமா எடுத்து வெக்கணும்."

அவர் மனைவி அதற்கு முந்தைய நோன்பு மாதத்தில் இறந்துபோனார். எழுதத் தெரியாதவர். வீட்டிலிருந்து கடைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மைக் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பிவிடுவாராம். முப்பத்தொரு பதிவுகள் மிச்சமிருந்தன.

"கம்ப்யூட்டர்ல வெச்சுட்டா எங்கயும் போவாது பாய்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

பாய்க்கு மவுஸில் இரட்டைத் தட்டு வரவே இல்லை. அடுத்த மெஷினில் உட்காரும் மீன்காரம்மா சும்மா விடுவாரா? "இன்னா பாயி, ஒரு தட்டு தட்டிட்டு, டீ குட்ச்சிட்டு வந்து இன்னொரு தட்டு தட்றியே, எப்டி தொறக்கும்?"

"நீ தராசுல மீன் போட்ற வேகத்துல தட்டுனா பொட்டியே ஒடஞ்சிடும், போம்மா."

பதிவுகளை நானே ஃபோனிலிருந்து நகலெடுத்து, டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். தினமும் அதைத் தேடிப் போக அவர் சிரமப்படுவாரே என்று டெஸ்க்டாப்பில் அதற்கு வழி மட்டும் காட்டும் ஒரு ஷார்ட்கட்டும் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே பெயர். அப்போது அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். நான் செய்ததை அவரிடம் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை.

அடுத்த வாரமே ஃபோன் அடியோடு செத்தது. நல்ல நேரத்தில் எடுத்தோம் என்று பேசிக்கொண்டோம். பென்டிரைவில் இன்னொரு நகல் எடுத்துவைக்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு பதிவைக் கேட்பார். இரண்டாவது கேட்க மாட்டார். ஒருநாள் மீன்காரம்மா, "நானும் ஒண்ணு கேக்கட்டா பாயி? அந்தம்மா எங்கிட்ட எவ்ளோ பேரம் பேசிகீது" என்று வாங்கிக் கேட்டார். யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் அச்சகத்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைக்கிற நான், ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை. ஊருக்குப் போயிருந்த பாய் இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்திருந்தார். பாய் டெஸ்க்டாப்பில் இருந்ததைச் சரியாக இரண்டு தட்டு தட்டினார். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது டீச்சரம்மா?"

படித்தேன். மறுபடி படித்தேன். "இருந்த எடத்துல இல்லையாம் பாய்."

உள்ளே போய்த் தேடினேன். ஃபோல்டர் இல்லை. கூடையும் காலி. என் முகத்தைப் பார்த்து அவராகவே சொன்னார்: "வியாழக்கெழம நீங்க சீக்கிரம் கெளம்பிட்டீங்களே, அப்ப உள்ள சுத்திப் பாத்தேன். அதே பேரு அங்கயும் இருந்திச்சி. ஒரே சரக்கு ரெண்டு எடத்துல கெடந்தா ஸ்டாக் எடுக்கறப்ப கொழப்பம். அதான் உள்ள இருந்தத எடுத்துப் போட்டேன். கூடையையும் கொட்டிட்டேன், நீங்க சொன்னா மாரி."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அப்ப வாசல்ல கீறது வெறும் போர்டா?"

"ஆமா பாய். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

"வுடுங்க" என்றார். துண்டை எடுத்து மெஷினை மூடினார். மூலைகளை இழுத்துச் சரிசெய்தார்.

கேளம்பாக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் பார்த்தார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் வகுப்பில் மற்ற எல்லோரும் அந்த மெஷினின் அதே டிரைவில் கல்யாணப் படங்களை ஏற்றிப் பழகியிருந்தோம். பழையதன் மேல் புதியது விழுந்துவிட்டது, இனி வராது என்றார்கள்.

பத்து நாள் பாய் வரவில்லை. வந்தபோது வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார், துண்டை எடுக்கவில்லை. மீன்காரம்மா கேலி பேசவில்லை. தன் திரையைப் பார்த்தபடியே, கொஞ்சம் இழுத்து, தன் குரலே இல்லாத ஒரு குரலில் சொன்னார்:

"'இன்னாங்க, மழ வருது. கொடைய வெச்சிட்டு போயிட்டீங்க.' இதான பாயி நான் கேட்டது?"

பாய் திரும்பினார். "வெச்சிட்டு இல்ல. மறந்துட்டு. 'கொடைய மறந்துட்டு போயிட்டீங்க.' அப்பறம் ஒரு தபா இருமுவா."

"சரி. 'மறந்துட்டு போயிட்டீங்க.'" மீன்காரம்மா இருமியும் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

பாய் துண்டை எடுத்து மடித்தார். "டீச்சரம்மா, டைப் அடிக்க சொல்லிக் குடுங்க."

ஒற்றை விரலில், எழுத்தெழுத்தாகத் தேடி, ஒரு நாளைக்கு ஒரு வரி. வெங்காயம் அரைக் கிலோ. கேஸ் வந்துச்சு. சின்னவனுக்கு ஜொரம். சாப்பாடு ஆறுது. ஒவ்வொரு நாளும் மூன்று இடங்களில் நகலெடுத்தேன், அவர் பார்க்கும்படியாகவே. ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண்களை அவர் முதலிலேயே போட்டுவிட்டார். நினைவு வருகிற எண்ணுக்கு நேரே போய் அடிப்பார். பத்தொன்பது வரி நிரம்பியதும் நின்றுபோயிற்று. இரண்டு மாதம் வெறுமனே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியில் அதை அச்செடுக்கும்போது, காலி எண்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம். அவ பேசுனது முப்பத்தொண்ணு."

இரண்டு தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்களை மட்டும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். வார்த்தை நினைவுக்கு வராத எட்டாம் எண்ணுக்கு நேரே 'இருமல்' என்று மட்டும் இருந்தது.