கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

டிக்கெட் வாங்கி, தியேட்டருக்குள் போய், நட்ட நடுவில் நல்ல இருக்கையாகப் பிடித்து உட்கார்ந்து, மூன்று மணி நேரமும் கண்ணை இறுக மூடிக்கொண்டே ஒரு படத்தைப் 'பார்த்த' மேதை பினாங்குத் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் படத்தில் எனக்கு இன்றும் மறக்காதது, முன் வரிசையில் யாரோ கொறித்துக்கொண்டிருந்த 'கச்சாங் பூத்தே' கடலையின் வாசனைதான்.

தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், கொள்கை. பதினோரு வயதில் எனக்கு இருந்த ஒரே கொள்கை அது.

படம், ராஜா காலத்து நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தைய பள்ளி விடுமுறையில் என் அக்கா ரீத்தாவின் கையிலிருந்து அந்த நாவலைப் பிடுங்கி மூன்று பாகத்தையும் முடித்திருந்தேன். தமிழ்நாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த உலகம் எங்கள் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் மட்டும்தான் என்பதால், கதை மொத்தத்தையும் ஜார்ஜ்டவுனிலேயே நடத்திவிட்டேன். கோட்டை என்று வந்தால் கடலோரத்தில் பீரங்கியோடு நிற்கும் எங்கள் பழைய கோட்டை. தேர் என்று வந்தால் தைப்பூசத்து வெள்ளி ரதம். நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆனாலும் ரதம் வரும்போது தெருவில் முதல் வரிசையில் நிற்பவன் நான். வஞ்சக மந்திரிக்கு என் கணக்கு வாத்தியார் முகம். இளவரசிக்கு, எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டில் இருந்த, ரீத்தாக்காவின் தோழி பிலோமினாக்காவின் முகம். கதாநாயகனுக்கு முகம் தேடி நான் அதிகம் அலையவில்லை; வீட்டுக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

எதிரிகள் துரத்த, அந்த வீரன் அகன்ற ஆற்றைக் குதிரையோடு கடந்து தப்பும் இடம்தான் எனக்கு உயிர். எனக்குத் தெரிந்த அக்கரை பட்டர்வொர்த். அங்கே போக எனக்குத் தெரிந்த வழி கார்களையும் ஏற்றிச் செல்லும் 'ஃபெரி' படகு. ஆகவே என் வீரன் குதிரையைக் கீழ்த்தட்டில் கார்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, மேல்தட்டில் காற்று வாங்கிக்கொண்டே தப்பித்தான்.

படம் வந்தபோது வீடே குதித்தது. நான் மட்டும் குதிக்கவில்லை. திரையில் வரும் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டால், பிலோமினாக்காவும் கணக்கு வாத்தியாரும் கோட்டையும் ரதமும் என் தலையைக் காலிசெய்துகொண்டு போய்விடுவார்கள் என்று பயம். வரமாட்டேன் என்றேன். "வீட்டுல தனியா விட முடியாது, கெளம்பு" என்றார் அப்பா. அதனால்தான் கண்ணை மூடினேன்.

"ரீத்தா, ஒன் தம்பி தூங்கறான்லா" என்றது எங்களோடு வந்திருந்த பிலோமினாக்காவின் குரல்.

"தூங்கல, நடிக்கிறான். டேய், வெள்ளி வெள்ளியா காசு எண்ணிக் குடுத்து வாங்குன டிக்கெட்டுடா, கண்ணத் தொற!" என்று அக்கா தொடையில் கிள்ளினாள். கண்ணீர் வெளியே வந்தது. படம் உள்ளே வரவில்லை. அந்த வீரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மார்பு விரிகிறது, இருக்கிற மார்பு அவ்வளவுதான் என்றாலும்.

படம் விட்டதும் எதிரில் நூடுல்ஸ் வறுத்துக் கொடுக்கும் 'மீ கோரேங்' கடையில் உட்கார்ந்தோம். அக்கா கொதித்துக்கொண்டிருந்தாள். "ஆத்தத் தாண்டுற எடத்தையே வெட்டிட்டானுங்கடி!" நாவலைப் படிக்காத பிலோமினாக்கா, "அது என்ன எடம்?" என்று கேட்க, அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். "இவனக் கேளு. மனப்பாடமா வெச்சிருக்கான்."

சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். கடைக்கார அண்ணனின் கரண்டிகூட வாணலியில் நின்றது. அந்தப் பெருமையில் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை. "அப்ப ஃபெரி சங்கு ஊதுச்சு, குதிரை ஒரு லாரிக்குப் பின்னால ஏறுச்சு…"

"ராஜா காலத்துல ஏதுடா ஃபெரி?" என்றாள் அக்கா. கடையே சிரித்தது. வாத்தியார், ரதம், கோட்டை எல்லாம் சேர்ந்து அந்த நிமிடமே கடலில் மூழ்கப் போகின்றன என்று நினைத்தேன்.

பிலோமினாக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இரு ரீத்தா. குதிரை அந்தப் பக்கம் எறங்குச்சா தம்பி? அதச் சொல்லு."

இறங்கியது. பெரிய பெரிய ஆட்கள் சேர்ந்து எடுத்த படத்தால் கடக்க முடியாத ஆற்றை, என் வீரன் கடந்து பட்டர்வொர்த்தில் இறங்கினான். கடைசி வரியில் கடைக்கார அண்ணன் கரண்டியால் வாணலியில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான்.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். மீ கோரேங் கடையும் இல்லை. கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெரிகளும் போய், ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் ஏறுகிற புதுப் படகுகள் ஓடுகின்றன. குதிரையோடு வருகிற வீரன் பாலம் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பிலோமினாக்கா ஆஸ்திரேலியாவில். ஆனால் என் தலைக்குள் இளவரசி இன்னும் மேல்வீட்டில்தான் குடியிருக்கிறாள், வாடகையில்லாமல்.

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ரீத்தாக்கா கூப்பிட்டாள். அதே நாவலை மறுபடியும் படமாக எடுத்திருக்கிறார்களாம்; இந்த முறை ஆற்றுக் காட்சி இருக்கிறதாம்; எனக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்றாள். படித்தவன் ஏன் படத்தைப் பார்க்கக்கூடாது, ஒரு ஊரையே தலைக்குள் கட்டியவனுக்கு இன்னொருவன் போட்ட செட்டு எதற்கு என்றெல்லாம் விளக்கி, நீளமான குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன்.

முழுவதையும் கேட்டாளோ இல்லையோ, பதில் உடனே வந்தது.

"கண்ண மூடிக்கிட்டு வா."