சித்தப்பா அனுப்பிய துப்பறியும் படங்கள்

அப்பாவுக்கு ஒரே தம்பி. அவர் அமெரிக்காவில் இருந்தார். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மாறி மாறி வரும் ஷிப்டுகளில் அப்பாவுக்குத் தூக்கம் எப்போதும் அரைகுறைதான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்வதற்குள் விழித்து, "ம், சொல்லு" என்பார்.

சித்தப்பாவை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வருவதாக இருந்தார். எனக்குப் பத்து வயதான ஆண்டிலும் அப்படித்தான். அம்மா திரைச்சீலைகளைத் துவைத்தார். புதிய மெத்தை ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் சுவரோரம் நிறுத்திவைத்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவருக்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது.

உள்ளே ஆறு வீடியோ கேசட்டுகள். அப்பாவும் சித்தப்பாவும் இளவட்டங்களாகக் காப்பார் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, தோட்ட மண்டபத்துக் கறுப்பு வெள்ளை டிவியில் வாராவாரம் பார்த்த ஆங்கிலத் துப்பறியும் தொடர் அது. கொலைகாரன் யார் என்று இருவரும் முன்கூட்டியே சொல்லவேண்டும். தோற்றவர் ஜெயித்தவரை சைக்கிளில் வைத்து வீடுவரை மிதிக்கவேண்டும். "உங்கப்பாதான் எப்பவும் மிதிப்பாரு" என்று அம்மா சொல்வார். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்ததாக நினைவில்லை.

அந்தத் தொடரை இப்போது கம்பெனியே கேசட்டாகப் போட்டிருந்தது. நம் வீடியோ கடையில் கிடைக்கிற, காப்பிக்குக் காப்பி எடுத்த சரக்கு இல்லை. தங்க எழுத்து போட்ட தடித்த பெட்டி. சித்தப்பா ஒரு சீட்டில் எழுதியிருந்தார்: 'அண்ணே, இந்த வாட்டியும் லீவு கிடைக்கல. நல்ல பிரிண்ட். கலர்ல பாருங்க.'

அன்று பிற்பகல் எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா சட்டை மாற்றிக்கொண்டுகூட வந்தார். கேசட்டைப் போட்டதும் பாட்டு கணீரென்று கேட்டது. படம் மட்டும் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே போனது. துப்பறிவாளரின் கால்கள் மேலேயும் தலை கீழேயுமாக வந்தன. நடுவில் ஒரு தடித்த கறுப்புப் பட்டை. கலர் என்பது மருந்துக்கும் இல்லை.

"கேசட்டு கெட்டுப்போச்சா?" என்றார் அம்மா.

மற்ற ஐந்தும் அப்படியே உருண்டன. மறுநாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வீடியோ கடைக்குப் போனார். கடைக்கார அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தவுடனே சிரித்தார்.

"சரக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் அண்ணே. ஆனா இது அமெரிக்கா சிஸ்டம் லா. உங்க வீடியோ டெக்கு படிச்சிடும், டிவிக்குத்தான் புரியாது. வேணும்னா கொடுங்க, நம்ம சிஸ்டத்துக்கு மாத்தி காப்பி அடிச்சித் தரேன். கலர் வந்துடும். மூஞ்சிங்கதான் கொஞ்சம் கரைஞ்சி போகும்."

"மூஞ்சி தெரியலன்னா கொலைகாரன எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் அப்பா. நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனாலும் கேசட்டுகளைக் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார்.

டிவியின் பின்னால், படம் உருளாமல் நிறுத்த ஒரு சின்னக் குமிழ் இருந்தது. அதைத் திருகினால் கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி நழுவும். குமிழ் இருந்த இடத்தில் என் கைதான் நுழைந்தது. அப்பா ஓய்வாக இருந்த நாட்களிலெல்லாம் நான் டிவிக்குப் பின்னால் போய் நின்றேன். முன்னாலிருந்து அப்பாவின் குரல் வரும். "வலது பக்கம்... கொஞ்சம் விடு... போதும் போதும்." அந்தத் தொடரை நான் பார்த்தது இப்படித்தான். சுவரையும் வயர்களையும் பார்த்தபடி, ஆறு கொலைகளைக் காதால் கேட்டேன். சில நேரம் அப்பாவின் குரல் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் தூங்கியிருப்பார். படம் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா போன் செய்தார். அமெரிக்காவிலிருந்து பேசும்போது குரல் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். ஆகவே எல்லோரும் கத்துவார்கள். அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"அண்ணே, படம் பாத்தீங்களா? பிரிண்ட் எப்படி?"

"பாத்தேன் தம்பி. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கலரு?"

"அருமை. அந்தப் பங்களா, தோட்டம் எல்லாம் பச்சப் பசேல்னு."

எனக்குத் தாங்கவில்லை. கை வலிக்க வலிக்கக் குமிழைப் பிடித்தவள் நான். "இல்ல சித்தப்பா, படம் உருளுது! கலரே வரல!" என்று ரிசீவருக்குக் கேட்கும்படி கத்தினேன். அப்பா ரிசீவரின் வாய்ப்புறத்தைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது இருக்கும் முகம். பிறகு கையை எடுத்து, "பிள்ள என்னமோ சொல்லுது தம்பி, நீ உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நல்ல படம் என்று கேட்டால் சித்தப்பா சும்மா இருப்பாரா? அடுத்த தீபாவளிக்கு இரண்டாம் பெட்டி வந்தது. அதே தங்க எழுத்து. இந்த முறை சீட்டில் லீவைப் பற்றி ஒன்றும் இல்லை. 'மிச்ச கதைங்க' என்று மட்டும் இருந்தது. அம்மா அந்த மெத்தையின் உறையைக் கிழித்து என் கட்டிலில் போட்டார்.

அன்று மாலை அம்மா கேட்டேவிட்டார். "உண்மையச் சொல்லியிருக்கலாம் இல்ல? தெரியாம அனுப்பிக்கிட்டே இருக்காரு."

அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியவர், குனிந்தபடியே சொன்னார்.

"சொன்னா, நம்ம டிவில ஓடுற மாதிரி வேற நல்லதா வாங்கி அனுப்பிடுவான். அவன் நேர்ல வரவேண்டிய கணக்கு அதோட தீந்துடும்."

"அனுப்பட்டுமே அப்பா!" என்றேன்.

அவர் கயிற்றை முடிச்சிட்டு எழுந்தார். என் தலையைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனார். நல்ல கேசட்டு வருவதில் அப்பாவுக்கு என்ன நஷ்டம் என்று, உருளாத படத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.